புகையில்லா வண்டியும் பேரிகைப் பாலும்

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு தை மாதச் சனிக்கிழமை. சேலத்தில் காலை ஆறு மணிக்கு ஏறிய பஸ், கிருஷ்ணகிரி, சூளகிரி எல்லாம் தாண்டி ஓசூருக்குள் நுழையும்போது பத்தரை ஆகிவிட்டது. பெங்களூர் இன்னும் நாற்பது கிலோமீட்டர் என்று காட்டிய பலகைகூட லாரிப் புகையில் கறுத்திருந்தது.

என் தம்பி முரளி பஸ் நிலையத்துக்கு ஒரு புதுவித வேனில் வந்திருந்தான். ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் ஒரு சிறிய தொழிற்சாலையில் அவன் இன்ஜினியர். பாட்டரியில் ஓடும் வேன் ஒன்றை அங்கே செய்து, தொழிலாளிகளை ஏற்றி இறக்கிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்க்கத்தான் நான் வந்தேன். பள்ளியில் அறிவியல் நடத்துகிறவள். காற்று மாசு பாடம் வரும்போது பிள்ளைகளிடம் சொல்ல ஒரு நல்ல சேதி வேண்டியிருந்தது.

ஓட்டுநர் நாகப்பா முப்பது வயதுக்காரர். வீட்டில் தெலுங்கு, பெங்களூர் போனால் கன்னடம், எங்களிடம் தமிழ்.

"ஏறுங்கக்கா. வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சான்னு மட்டும் கேக்காதீங்க. ஏறுறவங்க எல்லாருமே அதத்தான் கேக்கறாங்க" என்று சிரித்தார்.

உண்மையிலேயே கேட்கத்தான் வாயெடுத்தேன். வண்டி அதற்குள் நகர்ந்துவிட்டது. சத்தம் இல்லை, புகை இல்லை. முன்னால் போன டீசல் வேனின் கரி எங்கள் முகத்தில் அடித்தபோது நாகப்பா ஜன்னலை ஏற்றிவிட்டு, "நம்மளுக்குப் பின்னாடி வர்றவனுக்கு இந்தக் கஷ்டம் இல்ல பாருங்க" என்றார். அந்தப் பெருமை அவர் முகத்துக்கு அழகாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுக்கு வரவேண்டும் என்று கூப்பிட்டார். பாகலூர் வழியாகப் பேரிகை என்ற ஊருக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல். வழியெல்லாம் ராகி அறுத்த தாளும் தக்காளித் தோட்டங்களும். பேரிகையில் இறங்கி, நானும் முரளியும் வயல் வரப்பில் நடந்து அவர் வீட்டை அடைந்தோம்.

நாகப்பாவின் மனைவி ரத்தினம்மா கடுங்காப்பி கொண்டுவந்தார். வாசலில் ஒரு கறவை மாடு கட்டியிருந்தது. மடி கனத்திருந்தது. நான் மாட்டைப் பார்ப்பதை அவர் கவனித்துவிட்டார்.

"பால் இருக்குதுங்க. ஆனா குடிக்கறதில்ல. மடி கட்டிக்கும்னு கறந்து கீழ ஊத்திடறோம்."

அப்போதுதான் நடந்ததையெல்லாம் சொன்னார்கள். மூன்று மாடுகள் இருந்தன. மழைக்காலத்தில் ஒரு மாடு கண் தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்து, சுவரில் தலையை முட்டிக்கொண்டே நின்று செத்தது. அடுத்த மாதம் இன்னொன்று. அதற்குப் பிறகு அவர்கள் மகள் கௌரிக்கு வயிற்று வலி. மூன்று வயதுக் குழந்தை. வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள் ஒவ்வொரு வார்த்தையாக விட்டுவிட்டாள். பெங்களூரில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், உடம்பில் ஈயம் ஏறியிருக்கிறது, அக்கம்பக்கத்தில் ஈயம் உருக்குகிறார்களா என்று கேட்டாராம்.

உருக்கினார்கள். நாகப்பாவின் நிலத்தை ஒட்டியே ஒரு தகரக் கொட்டகை. வெளியூர்க்காரர் ஒருவர் வாடகைக்கு எடுத்திருந்தார். பழைய பாட்டரிகளை உடைத்து, உள்ளிருக்கும் ஆசிட்டை வாய்க்காலில் கொட்டிவிட்டு, ஈயத்தை உருக்கிக் கட்டியாக்கி விற்பார். காற்று இந்தப் பக்கம் அடித்தால் புகை முழுக்க இவர்கள் மாடுகள் மேயும் புல்லின்மேல் படியும்.

ரத்தினம்மாவின் இடுப்பில் இருந்த கௌரியிடம் கை நீட்டினேன். என் வளையலைத் தொட்டுப் பார்த்தாள். பேசவில்லை. "ரா தல்லி, அக்காகிட்ட போ" என்று அம்மா தெலுங்கும் தமிழுமாக எவ்வளவோ சொல்லியும் வரவில்லை.

மதியம் முரளியும் நாகப்பாவும் நானும் கொட்டகைப் பக்கம் போனோம். விடுமுறை, ஆள் இல்லை. பின்புறம் உடைந்த பாட்டரிப் பெட்டிகள் குவிந்து கிடந்தன. முரளி சட்டென்று நின்றான். குவியலில் இருந்து ஒரு பெட்டியை இழுத்தான். அதன் விளிம்பில் பச்சைப் பெயிண்டில் ஒரு பட்டை.

"அண்ணா, இது நம்ம வண்டியோடது. மத்ததோட கலந்துடக் கூடாதுன்னு நாமதான் பச்சை அடிச்சோம்."

சக்தி குறைந்த பாட்டரிகளை மாற்றியபின், பழையதைக் காயலான் கடைக்காரர் ஒருவர் எடுத்துப்போவது வழக்கம். எங்கே கொண்டுபோகிறார் என்று தொழிற்சாலையில் யாரும் கேட்டதில்லை.

நாகப்பா அந்தப் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாந்தான் சார் இத டெம்போல தூக்கி வெச்சேன்" என்றார். பிறகு அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். முரளி அவர் தோளைத் தொட்டான். "சாயந்தரம் வீட்டுக்கு வந்து பாப்பாவைத் தூக்குவேன் சார். கை காலெல்லாம் கழுவிட்டுத்தான் தூக்குவேன்" என்றார்.

நாங்கள் கிளம்பும் நேரத்தில் சந்தை வியாபாரி ஒருவர் மாட்டைக் கேட்டு வந்தார். ரத்தினம்மா கணவரைப் பார்த்தார். நாகப்பா வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

"விக்கறதில்லைங்க. இந்தப் பாலை வேற வீட்டுப் புள்ளைங்க குடிக்குமே."

திங்கட்கிழமை முரளி முதலாளியிடம் பேசினான். அவர் கெட்டவர் இல்லை. இனிப் பழைய பாட்டரிகளை, அவற்றைத் தயாரித்த கம்பெனிக்கே திருப்பி அனுப்பலாம் என்று அன்றைக்கே ஒத்துக்கொண்டார். சேதியைக் கேட்ட நாகப்பா, "நல்லதுங்க சார்" என்றார். பிறகு, "அங்க லாரி லாரியா வந்து எறங்குதுங்க. நம்மளுது அதுல எத்தினி?" என்றார். அதுவும் உண்மைதான். அந்தக் கொட்டகைக்கு டீசல் லாரியின் பாட்டரியும் எங்கள் புகையில்லா வண்டியின் பாட்டரியும் ஒன்றுதான்.

அன்று மாலை அவர் மூக்கண்டப்பள்ளியில் ஓர் அறை பார்த்துக் குடும்பத்தை அழைத்து வந்தார். சொந்த நிலம் வைத்திருந்த ரத்தினம்மா, தண்ணீர்க் குழாய் வரிசையில் குடத்தோடு நின்றதை நான் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை நாகப்பாதான் என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தார். ஊருக்குப் போய் இதைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னேன்.

"எழுதுங்கக்கா. ஆனா வண்டி மேல பழி போட்டுடாதீங்க. அது நல்ல வண்டி."

அதற்குப் பிறகு நடந்ததை முரளி போனில் சொன்னான். ஊரார் திரண்டு போய்ச் சத்தம் போட்டதில் கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள். வேறு எந்த ஊருக்குப் போனது என்று தெரியாது. பேரிகையில் இருந்த நாகப்பாவின் தம்பி புல்லும் தண்ணீரும் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மாடு பங்குனியில் செத்தது. கௌரிக்கு வயிற்று வலி நின்றது. பேச்சு கொஞ்சம்தான் திரும்பியது; போனது முழுதும் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இந்த வண்டியால் காற்றுக்கு நல்லதா என்று என் வகுப்பில் கேட்டால், ஓசூர்க் கடைத்தெருவுக்கு நல்லது என்பேன். அங்கே நானே மூச்சு விட்டுப் பார்த்தேன். பேரிகைக்கு நல்லதா என்று அடுத்து யாராவது கேட்கவேண்டும். இதுவரை எந்தப் பிள்ளையும் கேட்கவில்லை. பேரிகை எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது.