டிரைவர் கதவில் அரை விரல் நீளக் கீறல்

1. காது சொன்ன சேதி

பிளேடு ஃபிலிமில் ஓடும்போது வரும் சத்தம் வேறு, பெயிண்டில் இறங்கினால் வரும் சத்தம் வேறு. கண்ணுக்கு முன்னால் காதுக்குத் தெரிந்துவிடும். அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் என் காதுக்குத் தெரிந்தது. கை நின்றுவிட்டது.

கருநீல வண்டி. ஷோரூமை விட்டு வந்து மூன்றே நாள். டிரைவர் கதவில், கைப்பிடிக்குப் பின்னால் குழிவாக இருக்குமே, அந்தக் குழியின் விளிம்பு. வண்டிக்காரர் தினமும் கை வைத்துக் கதவைத் திறக்கப்போகிற இடம். ஃபிலிமைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீரைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அரை விரல் நீளம். மேல் பூச்சைத் தாண்டி, நிறத்தைத் தாண்டி, அடியில் இருக்கும் சாம்பல் நிற பிரைமர் கோடாகத் தெரிந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. பிபிஎஃப் என்று நாம் சொல்லும் பெயிண்ட் புரொடெக்‌ஷன் ஃபிலிம், புது வண்டிக்குப் போடும் கண்ணாடித் தோல். கல் தெறித்தாலும், முள் உரசினாலும் அது வாங்கிக்கொள்ளும். அதன் மேல் செராமிக் கோட்டிங் அடித்தால் அழுக்கும் தண்ணீரும் ஒட்டாது. தெரிந்த மாடல் என்றால் கம்ப்யூட்டரில் வெட்டிய கிட் வந்துவிடும், பிளேடுக்கு வேலை குறைவு. இது அப்போதுதான் இறங்கிய மாடல், கிட் இல்லை. ரோலிலிருந்து எடுத்து, வண்டியின் மேலேயே வைத்து வெட்டவேண்டும். கை அவசரப்படக் கூடாது.

ஆனால் அந்த வாரம் எல்லாருக்கும் அவசரம். தெலுங்குக்காரர்கள் ஆஷாடத்தில் வண்டி எடுக்கமாட்டார்கள், நம்மவர்கள் ஆடியில் எடுக்கமாட்டார்கள். எங்கள் ஆந்திர எல்லைப்பக்கத்தில் இரண்டையும் பார்க்கிறவர்களும் உண்டு. அதனால் திருப்பதி பைபாஸில் இருந்த எங்கள் கடையில் ஒன்றரை மாதம் ஈ ஓட்டுவோம். ஆவணி பிறந்ததும் ஒரே வாரத்தில் அத்தனை புது வண்டியும் வாசலில் வந்து நிற்கும். இந்த வண்டிக்கு வெள்ளிக்கிழமை காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலில் பூஜை. அதற்குள் ஃபிலிமும் முடியவேண்டும், கோட்டிங்கும் காயவேண்டும்.

ஓனர் கிரி என் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தார். தெலுங்குக்காரர், எங்களோடு பாதி தமிழில் பேசுவார்.

“ஏமாயிந்தி, ஏழுமல? என்ன ஆச்சு?”

காட்டினேன். குனிந்து பார்த்தார். பாட்டிலை எடுத்து அந்த இடத்தில் தண்ணீர் அடித்தார். ஈரம் பட்டதும் கோடு மறைந்துவிட்டது.

“கனபடலேது சூடு. தெரியல பார். ஃபிலிம் மூடிட்டா எவனுக்குத் தெரியும்? அஞ்சு வருஷம் கழிச்சு இத உரிக்கும்போது இந்தக் கடையில நீயும் இருக்கமாட்ட, நானும் இருக்கமாட்டேன். மூசெய்.”

அவர் மேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பிக்க இதை எழுதவில்லை. மூடு என்று சொன்னது அவர். ஸ்க்வீஜி ரப்பரைப் பிடித்துத் தண்ணீரை வழித்து மூடியது என் கை.

2. என்னைப் பற்றி, சுருக்கமாக

எனக்கு ஓர் இடத்தில் காலை ஊன்றி இருக்க வராது. நகரிப் பக்கத்துக் கிராமம். படிப்பு பன்னிரண்டோடு நின்றது. நாடு வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குக் கதவைத் திறந்துவிட்ட பிறகு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. எங்கள் பக்கத்துப் பையன்களை வேனில் அள்ளிக்கொண்டு போனார்கள். நானும் போனேன். பெயிண்ட் ஷாப்பில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. இரண்டு பக்கமும் டியூப் லைட் எரியும், நடுவில் வண்டி நகர்ந்துகொண்டே இருக்கும். தூசு, கொப்புளம், வழிசல் எது தெரிந்தாலும் சாக்பீஸால் வட்டம் போடவேண்டும். காண்ட்ராக்ட் முடிந்ததும் பெங்களூர். அங்கேதான் ஃபிலிம் ஒட்டக் கற்றேன். அங்கிருந்து திருப்பதி.

அடுத்தவன் செய்த குறையைக் கண்டுபிடிக்கக் கம்பெனி என் கண்ணைப் பழக்கியது. நான் செய்த குறை எந்தக் கோணத்தில் தெரியும், எதில் தெரியாது என்பதையும் அதே கண்தான் கணக்குப் போட்டுச் சொன்னது. காலை வெயிலில், இடது பக்கமிருந்து குனிந்து பார்த்தால் தெரியும். மற்றபடி தெரியாது.

3. குவைத் பேரீச்சம்பழம்

வண்டிக்காரர் பெயர் முனிரத்தினம். வெதுருகுப்பம் பக்கம். ஐம்பது வயதிருக்கும். தகப்பன் காலத்தில் சொந்தமாக ஒரு காணி நிலம் கிடையாது, கூலிக்குக் கரும்பு வெட்டிய குடும்பம். இவர் குவைத்துக்குப் போய், ஓர் அரபி வீட்டில் பதினெட்டு வருஷம் டிரைவர் வேலை செய்தார். நிலம் வாங்கினார், பிள்ளைகளைப் படிக்க வைத்தார், திரும்பி வந்தார். கடைசியாகத் தனக்கென்று இந்த வண்டி.

வண்டி எங்களிடம் இருந்த நாள்களில் அவர் ஊருக்குப் போகவே இல்லை. திருப்பதியில் மச்சான் வீட்டில் தங்கி, காலையில் கடை திறக்கும்போதே வந்துவிடுவார். தூசு வரும் என்று உள்ளே விடமாட்டோம். வாசலில் குந்துவார், எழுவார், கண்ணாடி வழியாகப் பார்ப்பார், மறுபடி குந்துவார். நான் கீறலை மூடியபோதும் அவர் வாசலில்தான் இருந்தார். அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் கதவுதான்.

மறுநாள் கோட்டிங் அடித்துவிட்டு வெளியே வந்தேன். ஒரு டப்பாவை நீட்டினார்.

“துன்னு ஏழுமல. குவைத்துலேர்ந்து வந்த பேரீச்சம்பழம். இன்னா, மொகம் ஒரு மாரி கீது? ஒடம்பு சரியில்லியா?”

“ஒண்ணும் இல்லணா. வேல ஜாஸ்தி.”

“உன் கையி நல்லா ஓடுது. பாத்துக்கினேதான் இருந்தன். வெள்ளிக்கெழம நீயும் வண்டியில வா. பூஜைக்கு நீ கூட இருக்கணும்.”

“எனக்கு வேல இருக்குதுணா.”

“கிரிகிட்ட நான் சொல்லிக்கிறன். நீ வர.”

பழத்தை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். உள்ளே போய்த் துப்பினேன். அன்று முழுக்க ஒரு வேலையும் உருப்படியாக ஓடவில்லை. வேறு வண்டியின் பம்பருக்கு ஃபிலிம் ஒட்டி, பிடிக்காமல் உரித்து, மறுபடி ஒட்டினேன். சொல்லிவிடலாமா என்று மூன்று தடவை வாசல் வரை போனேன். மூன்று தடவையும் “டீ சாப்பிட்டீங்களாண்ணா” என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். வியாழக்கிழமை அவர் எழுந்து என்னைப் பார்த்தபோதெல்லாம் நான் வேறு பக்கம் போய்விட்டேன்.

4. காணிப்பாக்கம்

சித்தூர் ஜில்லாவில் ஒரு தகராறு முற்றினால், “வா, காணிப்பாக்கம் வந்து சத்தியம் பண்ணு” என்பார்கள். குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு போய் விநாயகர் முன்னால் நின்று சொல்லவேண்டும். அங்கே பொய் சொன்னவன் நன்றாக இருக்கமாட்டான் என்று எங்கள் பக்கத்தில் திருடன்கூட நம்புவான்.

வெள்ளிக்கிழமை காலை வண்டியில் முனிரத்தினம் அண்ணன், அவர் மனைவி கஸ்தூரி அக்கா, நான். சித்தூர் ரோட்டில் புத்தலப்பட்டு தாண்டும்வரை நாற்பதுக்கு மேல் அவர் போகவில்லை. பின்னால் வந்த லாரிக்காரர்கள் எல்லாரும் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனார்கள். அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

கோட்டிங் முழுசாக இறுக ஏழு நாள் ஆகும், அதுவரை மஞ்சளும் குங்குமமும் தண்ணீரும் படக் கூடாது. அதனால் மீந்துபோன ஃபிலிம் துண்டு ஒன்றைப் பின்தாளை உரிக்காமலே பானட்டின் மேல் வைத்து, நாலு மூலையிலும் மாஸ்கிங் டேப் ஒட்டியிருந்தேன். அய்யர் அதைப் பார்த்து முறைத்தார்.

“இது எதுக்கு? வண்டிக்குப் பொட்டு வைக்க வேண்டாமா?”

“அதுமேலயே வையுங்க சாமி,” என்றார் முனிரத்தினம் அண்ணன். “டாக்டரு சொல்லிக்கிறாரு.” என்னைக் காட்டினார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பொட்டு வைத்தாயிற்று, தேங்காய் உடைத்தாயிற்று. எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்ற அவர் கதவைத் திறக்கப் போனார். கை அந்தக் குழியில் நுழைந்தது. அதே நேரம் குளத்துப் பக்கமிருந்து ஒருவன் தலை சொட்டச் சொட்ட எங்களைக் கடந்து கோயிலுக்குள் போனான். பின்னால் நாலைந்து பேர் வாய் திறக்காமல் போனார்கள். என்னை யாரும் சத்தியம் செய்யச் சொல்லவில்லை. யாருக்கும் என் மேல் சந்தேகமும் இல்லை. ஆனாலும் அந்த ஈரத் தலை கோயிலுக்குள் மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். எலுமிச்சம்பழம் நசுங்கி, வண்டி நின்று, அவர் இறங்கியதும் அவர் கையைப் பிடித்தேன்.

“அண்ணா, ஒரு விசயம். இந்தக் கதவுல கீறல் கீதுணா. என் பிளேடு பட்டது. செவ்வாக்கெழமையே.”

“ஃபிலிம்லயா?”

“இல்லணா. அடியில. பெயிண்ட்ல.”

அவர் குந்தினார். பார்த்தார். கண்ணில் படவில்லை. நான்தான் அவரை இடது பக்கம் நகர்த்தி, வெயில் விழும்படி குனியச் சொல்லி, விரலை வைத்துக் காட்டினேன். அப்போது தெரிந்தது.

கஸ்தூரி அக்காவும் குனிந்து பார்த்தார். “எனக்கு ஒண்ணும் தெரிலியே. வுடுய்யா, நல்ல நாளும் அதுவுமா.”

“எனக்குத் தெரியுது,” என்றார் அவர்.

கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“செவ்வா, பொதன், வியாழன். மூணு நாளு உன் கடை வாசல்லதான குந்திக்கினு இருந்தன்? ஏன் சொல்லல?”

“பயமா இருந்துதுணா.”

“இப்ப?”

“தாங்க முடிலணா.”

“தாங்க முடிலன்னு என் தலையில எறக்கிட்ட.” எழுந்தார். “அரபி வூட்டுல காலைல எய்ந்ததும் மொத வேல இன்னா தெரியுமா? டீ குடிக்கிறதுக்கு முன்னாடி அவன் வண்டிய ஒரு சுத்து சுத்தி வருவன், எங்கனா கீறல் கீதான்னு. கீறல் இருந்தா அது நான் பண்ணதுதான், வேற பேச்சே கெடையாது. பதினெட்டு வருஷம். கண்ணு அப்டியே ஆயிப்போச்சி. லீவுல ஊருக்கு வந்தா பஸ் ஸ்டாண்டுல எவனோ நிறுத்தன வண்டியகூட சுத்தி வந்து பாப்பன். இவ சிரிப்பா. என் வண்டி ஒண்ணயாவது பாக்காம ஏறி ஓட்டணும்னுதான் ஃபிலிம் போடச் சொன்னன். கல்லு தெறிக்கும்னு பயந்துக்கினா போட்டன்?”

குனிந்து அந்த இடத்தை மறுபடி தடவிப் பார்த்தார்.

“அன்னிக்கே சொல்லியிருந்தா ஃபிலிம் ஒட்டல, ஒண்ணும் ஆவல. பெயிண்டு அடிக்கலாமா, கதவ மாத்தலாமா, போனா போவுதுன்னு வுட்டுடலாமான்னு நான் ஒரு முடிவு பண்ணியிருப்பன். அதில்லியா, சாவுற வரிக்கும் வாயத் தொறக்காம இருந்திருக்கணும். பூஜ போட்டு எடுத்த வண்டில, நடுவுல வந்து சொல்ற.”

கஸ்தூரி அக்கா என்னையும் ஏறச் சொன்னார். நான் ஏறவில்லை. பஸ்ஸில் திருப்பதி வந்தேன். அந்த மூன்று நாளும் நெஞ்சில் கிடந்த பாரம் போயிருந்தது. அது எனக்கு வெட்கமாக இருந்தது.

5. கதவு சரியானது

கிரியிடம் சொன்னேன். “நீகு பிச்சா?” என்று தலையில் அடித்துக்கொண்டார். பைத்தியமா என்று கேட்டார், நியாயம்தான். ஆனாலும் வண்டியை வரவழைத்துச் சரிசெய்ய ஒத்துக்கொண்டார். கம்பெனி பெயிண்டை எடுக்க மனசு வராமல் முனிரத்தினம் அண்ணன் மூன்று வாரம் யோசித்தார். பிறகு ஒரு நாள் வந்து, “அடிச்சுடு” என்று சாவியை என் கையில் வைத்தார். நல்ல பெயிண்டரிடம் கொடுத்து அந்த ஒரு கதவுக்கு மட்டும் அடித்தோம். இந்தத் தடவை ஃபிலிம் ஒட்டும்போது பிளேடையே தொடவில்லை. நைஃப்லெஸ் டேப் என்று ஒன்று உண்டு. ஃபிலிமுக்கு அடியில் ஒட்டி, அதிலுள்ள நூலை இழுத்தால் ஃபிலிம் மட்டும் வெட்டுப்படும். கதவைக் கம்பெனியில் பார்ப்பது மாதிரி லைட் வைத்துப் பார்த்தேன். ஒரு குறை இல்லை. பக்கத்துக் கதவுக்கும் இதற்கும் நிறத்தில் இம்மியும் வித்தியாசம் இல்லை.

“கலரு ஒண்ணாவா கீது?” என்றார்.

“ஒண்ணாதான்ணா கீது.”

“வெயில்ல?”

“வெயில்லயும்.”

தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த வாரம் வந்தார். “சாயங்காலத்துல கொஞ்சம் கருப்பா தெரியுது, பாரு.” பார்த்தேன், இல்லை. அதற்கடுத்த வாரம் பின்கதவின் விளிம்பில் ஏதோ தட்டுப்படுகிறது என்று வந்தார். அங்கேயும் இல்லை. ஒரு தடவை கஸ்தூரி அக்கா வண்டிக்குள் உட்கார்ந்தபடியே சொன்னார்: “காலைல எய்ந்தா அத சுத்தி வந்துட்டுதான் டீயே குடிக்கிறாரு.” அக்கா இப்போது சிரிக்கவில்லை.

கிரி கடையை விற்ற பிறகு நான் இன்னும் இரண்டு ஊர் மாறிவிட்டேன். இப்போது என் கீழே ஆறு பேர் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு நான் போட்டிருக்கும் சட்டம் ஒன்றுதான். வண்டி மேல் பிளேடு வைக்காதே. மீறி வைத்து, பெயிண்டில் பட்டுவிட்டால், ஃபிலிமை ஒட்டாதே. ஒரு கையில் ஃபிலிமைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே மறு கையால் வண்டிக்காரருக்கு ஃபோன் போடு. திட்டுவார், திட்டட்டும். வேலை போகும், போகட்டும். என்ன செய்வது என்று முடிவு பண்ண அவருக்கு அந்த நேரம்தான் இருக்கிறது. நாம் ஒட்டி மூடிவிட்டால் அது போய்விடும். பிறகு எவ்வளவு உண்மையைச் சொன்னாலும் அது நம் நிம்மதிக்காகச் சொல்வதுதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் கண்ணாடிக் கதவைத் திறந்து அவரை உள்ளே கூப்பிட்டிருந்தால், முனிரத்தினம் அண்ணனுக்கு அந்தக் கவலை ஒரு கதவோடு போயிருக்கும்.