சொட்டக்காவின் கொக்கி

சமையலறை ஜன்னல் கம்பியில் தண்ணீர் நிரப்பிய பழைய சலைன் பாட்டில் ஒன்று தொங்குகிறது. சொட்டுச் சொட்டாகக் கீழே வாளியில் விழுகிறது. வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஓரக்கண்ணால் அதைப் பார்க்கிறார் சொட்டக்கா. பாட்டில் தீரும் தறுவாயில் கூடத்து மேசையில் மணி அடிக்கிறது. "சரியா சொல்லிட்டடா ராசா" என்று பாட்டிலைத் தாங்கும் கொக்கியைத் தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்ததை மாட்டுகிறார். காலையிலிருந்து இது ஏழாவது.

பத்தொன்பது வருடம் வார்டில் நர்ஸாக இருந்தவர்; சலைன் சொட்டுகளை விரல்விட்டு எண்ணி எண்ணியே இந்தப் பெயர் வந்தது. ஒருநாள் மனைவிக்குத் துணையிருந்த ஒருவர் அசதியில் கண்ணயர்ந்துவிட்டார். பாட்டில் தீர்ந்து, குழாயில் ரத்தம் மேலேறிவிட்டது. அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் "தூங்கிட்டேன் சிஸ்டர், தூங்கிட்டேன்" என்று அந்த மனிதர் தன்னையே அறைந்துகொண்டதை இவரால் மறக்க முடியவில்லை. வேலையை விட்டார். மிக்ஸி, ஃபேன் பழுது பார்க்கும் தம்பியைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். கம்பெனி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். அக்கா, தம்பி, ஒரு சாப்பாட்டு மேசை, அவ்வளவுதான். பாட்டிலின் எடை குறைந்ததும் நர்ஸ் மேசையில் மணி அடிக்க வைக்கும் கொக்கிதான் சரக்கு.

பதின்மூன்று ஆஸ்பத்திரிகள் கையை விரித்தன. "கூட ஆள் இருக்காங்கல்ல, அவங்க பாத்துப்பாங்க" என்பதுதான் பெரும்பாலும் பதில். வெளியே வந்து செருப்பு மாட்டும்போதே தம்பிக்குப் போன் போடுவார். "இங்கயும் இல்லடா. ஆனா அந்த டாக்டர் ஒண்ணு கேட்டார் பாரு, நியாயமான கேள்வி." சத்தம் நோயாளியை எழுப்பும் என்றார் ஒருவர், மணி நர்ஸ் மேசைக்குப் போனது. வயர் காலைத் தடுக்கும் என்றார் இன்னொருவர், வயரே போய்விட்டது. வேண்டாம் என்றவர்கள் எல்லோரும் சேர்ந்து செய்த கொக்கி அது.

பதினான்காவது இடத்தில்தான் அடி பலமாக விழுந்தது. தலைமை டாக்டரம்மா பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லாம் சரிம்மா. ஆனா அரைமணி நேரமா நீங்க அந்த பாட்டிலையேதான் பாத்துட்டிருக்கீங்க. உங்களுக்கே நம்பிக்கை இல்லன்னா நான் எப்படி வாங்குறது?"

அன்று தம்பிக்குப் போன் போகவில்லை. பஸ்ஸில் முந்தானையால் முகத்தை மூடி அழுதார். வீட்டுக்கு வந்து சொன்னதும், "எல்லாத்தையும் மாத்திட்டேன்க்கா. உன் கண்ணுக்கு மட்டும் என்கிட்ட ஸ்க்ரூ இல்ல" என்றான் தம்பி. அதிலிருந்துதான், பார்க்காமல் இருந்து பழக, இந்த ஜன்னல் பாட்டில் பயிற்சி. கொக்கி ஒருதடவைகூடத் தவறவில்லை. கண்தான் கேட்கவில்லை.

ஆறு மாதம் கழித்து அதே டாக்டரம்மாவிடம் போய் நின்றார். "ஒரு கட்டில், ஒரு மத்தியானம். சரியா அடிச்சா வார்டு முழுக்க மாட்டலாம். இல்லன்னா இனிமே வராதீங்க" என்றார் அவர்.

கட்டிலில் காய்ச்சலில் ஓர் அம்மா. பக்கத்தில் சிவந்த கண்களோடு கணவர், பாட்டிலையே பார்த்தபடி இருந்தார்.

"நீங்க கொஞ்சம் தூங்குங்கண்ணே."

"தீர்ந்துட்டா?"

"மணி அடிக்கும்."

அவர் நம்பவில்லை. பாட்டிலைப் பார்த்தார், சொட்டக்காவைப் பார்த்தார். வாசலில் டாக்டரம்மா நின்றிருந்தார். பாட்டிலில் கால்வாசிதான் மிச்சம்.

சொட்டக்கா ஸ்டூலைத் திருப்பிப் போட்டு, பாட்டிலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். சற்று நேரத்தில் அந்த மனிதரின் தலை கட்டில் விளிம்பில் சாய்ந்தது. மடியில் சொட்டக்காவின் வலது கை விரல்கள் மட்டும் தானாகச் சொட்டு எண்ணிக்கொண்டிருந்தன. இடது கையால் அவற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.