இல்லாத பிள்ளைக்கு அப்பா செய்த அர்ச்சனை

முருகனை நம்பியிருக்கும் அன்பர்களே,

சென்ற கிருத்திகை அன்று அன்னதானம் முடிந்ததும் என்னையும் எழுந்து பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்தேன், வாய் வரவில்லை. அதனால் எழுதித் தருகிறேன். வேலை கேட்டேன், அவன் கொடுத்தான் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். அது முழு உண்மை ஆகாது. இந்தச் சாட்சியில் உண்மை குறைந்தால் நான் மறுபடியும் பழைய குழியில் விழுந்தவன் ஆவேன்.

என் ஊர் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். தாத்தா காலத்தில் சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். அப்பா கொழுந்து மூட்டை தூக்குகிறவர். கையெழுத்து வராது, ரேகைதான். எங்கள் வீட்டில் படித்தவன் நான் ஒருவன். கணிதத்தில் பட்டம், பிறகு பி.எட். ஊரில் வேலை இல்லாமல் இரண்டு வருடம் போனது. போர்ட் பிளேரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியர் வேண்டும் என்றார்கள். ஃபோனிலேயே பேசி முடிவானது. போன வருடம் ஜூன் மாதம் சென்னையில் கப்பல் ஏறினேன்.

இறங்கிய அன்றே கராச்சர்மாவில் சித்தப்பா வீட்டில் பெட்டியை வைத்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு அந்தப் பள்ளிக்குப் போனேன். ஆபீஸில் இருந்தவர் என் கடிதத்தைப் பிரிக்கக்கூட இல்லை.

“இஸ் சால் பட்ஜெட் நஹி ஹை, சார். இந்த வருஷம் பணம் இல்ல. இருந்த டீச்சருங்களையே அஞ்சு பேரை நிப்பாட்டியாச்சு. நீங்க மெயின்லேண்ட்லயே இருந்திருக்கலாம்.”

கேட்டைத் தாண்டி வெளியே வருகிறேன், அப்பா ஃபோன். “தம்பி, சேந்துட்டியா? கிளாஸ்ல எத்தன புள்ளைங்க?”

முப்பத்து நான்கு என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஒரு சொல்தான். அன்றைக்கு அவர் மனம் நோகாமல் இருந்தால் போதும், ஒரு வாரத்தில் வேறு வேலை தேடிக்கொண்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் எந்தப் பள்ளிக்குப் போனாலும் அதே பதில். அரசாங்கத்தில் கேட்டால் தீவுக்காரர்களுக்குத்தான் முதலிடம் என்றார்கள். அதில் தப்பு சொல்ல முடியாது. சித்தப்பா டைல்ஸ் வேலை காண்ட்ராக்ட் எடுப்பவர். “டேய் மாஸ்டர், சும்மா பஸ்ல சுத்தாம எங்கூட வா” என்பார். நான் போகவில்லை. படித்த பிள்ளை சிமெண்ட் குழைக்கிறான் என்று அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று பயம். பயம் பாதி, வீம்பு பாதி. அப்பாவிடம் எதுவும் சொல்லக் கூடாது என்று சித்தப்பாவையும் கெஞ்சி வைத்திருந்தேன்.

பள்ளிக்கூடத்துக்குள் உட்கார்ந்தே பார்க்காதவர் அப்பா. அதனால் ஆசை தீரக் கேட்பார். பெஞ்சு எத்தனை, யார் வாய் பேசுவான், யார் தூங்குவான். நானும் சொல்லச் சொல்ல ஒரு வகுப்பே உண்டாகிவிட்டது. கடைசி பெஞ்சில் சுப்ரியா என்று ஒரு பெண். கணக்கில் கெட்டிக்காரி, கொஞ்சம் நோஞ்சான். ஒரு நாள் அப்பா, “எல்லாப் புள்ளைங்களோடயும் நின்னு ஒரு போட்டோ அனுப்பு தம்பி” என்றார். என்ன சொல்வது? “சுப்ரியாவுக்குக் காய்ச்சல்ப்பா, ஒரு வாரமா வரல. அவளும் வந்ததும் எடுக்கிறேன்” என்றேன்.

ஆடி மாத சஷ்டி அன்று காலையில் அப்பா ஃபோன் செய்தார். பின்னால் மணிச்சத்தம்.

“கோயில்ல நிக்கிறேன் தம்பி. அந்தப் புள்ளைக்கு அர்ச்சனை போடுறேன். பேரு சொல்லிட்டேன், நட்சத்திரம் கேக்குறாங்க. என்னா நட்சத்திரம்?”

பூசாரி காத்திருக்கிறார் என்று அப்பா அவசரப்படுத்தினார். “ரோகிணி” என்றேன். “ரோகிணியாம் சாமி” என்று அவர் அங்கே சொல்வது என் காதில் விழுந்தது. அந்தப் பிள்ளை குணமாகும் வரை ஒரு வேளைதான் சாப்பாடு என்று விரதமும் எடுத்துக்கொண்டார்.

மனிதரிடம் பொய் சொன்னவர்கள் பலர் இருப்பார்கள். நான் சந்நிதியில் பொய் சொன்னேன், அதுவும் என் அப்பாவின் வாயால்.

அன்றிலிருந்து எனக்கு ஒன்று ஆரம்பித்தது. படித்தவன் இப்படி எழுதலாமா என்று நீங்கள் நினைக்கலாம். பஸ்ஸில் போனால் பின் சீட்டில் ஒரு சின்ன இருமல் கேட்கும். திரும்பிப் பார்த்தால் மீன் கூடைக்காரர் இருப்பார், இல்லாவிட்டால் யாரும் இருக்கமாட்டார்கள். மழைக்கு ஒதுங்கி நின்றால் பக்கத்தில் யாரோ ஒதுங்கினது போல் இருக்கும். அவளுக்கு நான் ஒரு முகமும் கொடுக்கவில்லை. பேரும் நட்சத்திரமும் காய்ச்சலும் மட்டும்தான் கொடுத்திருந்தேன். முகம் இல்லாததால்தான் எங்கு பார்த்தாலும் அவளாகவே தெரிந்தது.

அவள் குணமாகிவிட்டாள் என்றால் அப்பா அந்தப் பொய்க்குப் பால்குடம் எடுப்பார். குணமாகவில்லை என்றால் பட்டினி கிடப்பார். ஒரு நாள் விண்ணப்பம் கொடுத்துவிட்டு மரைன் ஹில் ஏற்றத்தில் நடந்துகொண்டிருந்தேன். கீழே துறைமுகத்தில் கப்பல் நின்றது. அவள் இறந்துவிட்டாள் என்று சொல்லி முடித்துவிட்டால் என்ன என்று தோன்றியது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வாத்தியார் ஆக வந்தவன் ஒரு பிள்ளையைக் கொல்லக் கணக்குப் போடுகிறேன். இல்லாத பிள்ளைதான். ஆனாலும் அவளுக்காக ஒரு மனிதர் மலையில் பட்டினி இருக்கிறாரே.

நேராக முருகன் கோயிலுக்குப் போனேன். தட்டு வாங்கி வரிசையில் நின்றேன்.

“யார் பேருக்கு?” என்றார் குருக்கள்.

“சுப்ரியா. ரோகிணி நட்சத்திரம்” என்று ஆரம்பித்துவிட்டு நின்றுவிட்டேன். “சாமி, அப்படி ஒரு பிள்ளையே இல்ல” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “இல்லாத கொழந்தைக்கு எதுக்குப்பா அர்ச்சனை? பின்னால பத்து பேர் நிக்கறா. சுவாமி பேருக்கே பண்ணிடட்டுமா?”

தலையாட்டினேன். அவர் மந்திரம் சொல்லும்போது நான் வேலை கேட்கவில்லை. இங்கே வந்த நாளிலிருந்து அதை ஒன்றையே கேட்டவன், அன்று கேட்கவில்லை. ‘அப்பாவிடம் சொல்ல வாய் கொடு’ என்று மட்டும் கேட்டேன். கண்ணீர் நிற்கவில்லை.

வெளியே வந்து, செருப்பு விடுகிற இடத்தில் நின்றபடியே ஃபோன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்ப அந்தப் புள்ளைக்குக் காய்ச்சல் இல்லையா?”

“அந்தப் புள்ளையே இல்லப்பா.”

“நல்லவேளை” என்றார். “நான் பயந்து கெடந்தேன்.” பிறகு ஃபோனை வைத்துவிட்டார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அடுத்த நாள் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் எடுக்கவில்லை. ஆனால் மறைக்க எதுவும் மிச்சம் இல்லை. சித்தப்பாவோடு வேலைக்குக் கிளம்பினேன். பெரார்கஞ்சில் வயல்களை ஒட்டி ஒரு சின்னப் பள்ளி, அங்கே கழிவறைக்கு டைல்ஸ். நான்காம் நாள் தலைமை ஆசிரியை வந்தார், பெங்காலி அம்மா.

“சாப், டைல்ஸ் வெட்டுற மெஷினைக் கொஞ்சம் பந்த் கரோ, நிறுத்துங்க. ஏழாம் கிளாஸ்ல டீச்சரே இல்ல, ஒரே கூச்சல். இதுல உங்க சத்தம் வேற.”

சித்தப்பா விடுவாரா? “மேடம், யே லட்கா, இந்தப் பையன், பி.எட். ஹை. சிமெண்ட்டக் கழுவிட்டா வாத்தியார்தான். கூட்டிட்டுப் போங்க, எனக்கும் இவனால வேலை ஓடல.”

அவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, “சச் மே?” என்றார். உண்மையாகவா?

“ஜி, மேடம்” என்றேன். இரண்டு மாதத்தில் யோசிக்காமல் நான் சொன்ன முதல் பதில் அது.

குழாயடியில் கைகால் கழுவிக்கொண்டு, சித்தப்பாவின் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு ஏழாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு நடத்தினேன். அங்கேயும் ஆள் குறைப்புதான், இரண்டு பேரை நிறுத்தியிருந்தார்கள். மணிக்கணக்கு அடிப்படையில் தற்காலிகமாக எடுத்துக்கொண்டார்கள். இந்த ஏப்ரலில் ஒரு வருட ஆர்டர் வந்தது. பொய்யைப் பிடித்துக்கொண்டு இருந்திருந்தால் அன்றும் நான் இஸ்திரி சட்டையோடு டவுனில் பஸ்ஸுக்கு நின்றிருப்பேன். அவன் முதலில் என் வாயைத் திறந்தான், அதன் வழியாகத்தான் வேலை வந்தது. இதை நான் சத்தியமாக நம்புகிறேன்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று எழுத மாட்டேன். வருகைப் பதிவேட்டில் பழைய பக்கங்கள் எனக்கு முன் இருந்த ஆசிரியையின் கையெழுத்தில் இருக்கின்றன. அவர் எங்கே வேலை தேடுகிறாரோ, அவருக்காகவும் வேண்டிக்கொள்கிறேன். பெயர் கூப்பிட்டு முடித்த பிறகும், யாரோ இன்னும் ‘உள்ளேன்’ சொல்லவில்லை என்பது போல் ஒரு கணம் நிற்கிறேன். இருமல் சில நாள் கேட்கிறது. கேட்டால் வேல் வேல் என்று சொல்லிக்கொள்கிறேன்.

அன்பர்களே, உங்களுக்கும் ஏதாவது குறை இருக்கும். அவனிடம் கேளுங்கள், கட்டாயம் கேளுங்கள். ஆனால் வீட்டில் யாரிடமாவது ஒரு பொய்யைக் கொடுத்து வைத்திருந்தால், முதலில் அதைத் திருப்பி வாங்க உதவி கேளுங்கள். அவன் கைவிடமாட்டான்.

வேலை கிடைத்த அன்று அப்பா ஃபோனை எடுத்தார். அதன் பிறகு தினமும் எடுக்கிறார். சாயங்காலம் இன்றைக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று கேட்பார். நான் பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராகச் சொல்வேன்.

ஒவ்வொரு பெயருக்கும் அவர், “நெசந்தானே தம்பி?” என்று கேட்கிறார்.

“நெசந்தாம்ப்பா” என்கிறேன். எத்தனை வருடம் கேட்டாலும் சொல்வேன்.