போணிக்கு முன்னால் விலை கேட்டவள்

"வாங்க வரவில்லை, விலை மட்டும் கேட்க வந்தேன்." மைசூர் சந்தையில் நான் முதன்முதலாகச் சொன்ன வாக்கியம் இதுதான். அதற்குக் கிடைத்த வரவேற்பை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. அரசு அலுவலகத்தில் எனக்குப் புதிதாகக் கிடைத்திருந்த வேலை அது: வாராவாரம் அதே கடைகளுக்குப் போய், அதே சாமான்களின் விலையைக் கேட்டு எழுதி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். ஊரில் விலைவாசி ஏறியதா இறங்கியதா என்று அதை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். இதில் என்ன கஷ்டம் என்று நினைத்து, கஞ்சி போட்ட புடவையும் கையில் பேனாவுமாக, கடை திறக்கிற நேரத்திலேயே போய் நின்றேன். தக்காளிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னூ போணி ஆகில்லம்மா, ஹோகு" என்று கன்னடத்தில் விரட்டிவிட்டு, நான் நின்ற இடத்தில் தண்ணீர் தெளித்தார். அடுத்த கடைக்காரர் கூடைமேல் சாக்கை இழுத்து மூடினார். முதல் வியாபாரம் ஆகும் முன் விலை கேட்டு வெறுங்கையோடு திரும்புகிறவள் அவர்களுடைய அன்றைய பிழைப்பையே கெடுத்துவிடுவாள் என்பது எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் காய்கறி வாங்கப் போவது அப்பா. நான் தேவாலயம், கல்லூரி, வீடு என்று இருந்தவள்.

அப்பா வேலை பார்த்த ஆலை மூடிவிட்ட வருஷம் அது. வீட்டுக்கு வரும் சம்பளம் என்னுடையது ஒன்றுதான், அதுவும் தற்காலிக நியமனம். விலை எழுதும் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அடுத்த முறை நீட்டிக்க மாட்டேன் என்று மேலதிகாரி முன்கூட்டியே சொல்லியிருந்தார். கண்ணில் நீர் முட்ட, "மாதாவே, இது என்ன சோதனை" என்று எனக்குள் முணுமுணுத்துக்கொண்டு நின்றேன். அந்தத் தமிழ் காதில் விழுந்துதான், வெங்காய மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த ஒரு பெண் என்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும். ராமாபுரத்திலிருந்து கல்யாணமாகி மைசூருக்கு வந்தவள். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். அன்றிலிருந்து எனக்கு அவள் வெங்காய அக்கா.

"ஏங்கண்ணு, காலங்காத்தால வெறுங்கைய வீசிட்டு வந்து வெலை கேட்டா எவன் சொல்லுவான்? போணி ஆகட்டும். அந்தக் காப்பிக் கடையில போயி உக்காரு, நான் கூப்பிடறேன்" என்றாள்.

சொன்னபடி கூப்பிட்டாள். வெங்காய விலையைச் சொன்னதோடு நிற்காமல், என் கையைப் பிடித்துத் தக்காளிக்காரரிடம் இழுத்துப் போய், "இவ நம்ம ஹுடுகி, ஹேளப்பா" என்றாள். நான் நம்ம பெண்ணாம், விலையைச் சொல்ல வேண்டுமாம். அறிமுகமாகி ஐந்து நிமிஷம் ஆகவில்லை, அதற்குள் நான் அவர்கள் வீட்டுப் பெண்ணாகிவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் விலையைத் தக்காளிகளிடம் சொன்னார். அதற்குப் பிறகு வாராவாரம் காப்பிக் கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். எல்லாக் கடையிலும் போணி ஆனதும் அக்கா தூரத்திலிருந்து கையைத் தூக்குவாள். "அந்தப் பேனாவப் பாத்தாத்தான் எல்லாரும் மூட்டைய இழுத்து மூடறாங்க. பையில வெய்யி. பரீட்சையா எழுதப் போற?" என்று கேலி செய்வாள். அதனால் விலைகளை வாய்க்குள் உருப்போட்டுக்கொண்டு வந்து, காப்பிக் கடையில் எழுதிக்கொள்வேன்.

ஒரு வருஷம் பெருமழையில் பயிர் அழுகி, வெங்காயம் கிலோ நூறைத் தாண்டியது. பதுக்கலைப் பிடிக்க ஆள் வருகிறார்கள் என்று சந்தையில் வதந்தி. எழுதிக்கொண்டு போகிற யாரிடமும் வாயைத் திறப்பதில்லை என்று கடைக்காரர்கள் பேசி வைத்துக்கொண்டார்கள். என் வேலையை நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிற மாதமும் அதுதான். தக்காளிக்காரர் பழையபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்காவின் முன்னால் போய் நின்றேனே தவிர, கேட்க வாய் வரவில்லை. நான் கேட்டால் அவள் பதில் சொல்லுவாள். சொன்னால் அந்த வரிசை முழுக்க அவளுக்கு எதிராகும்.

நான் கேட்கவே இல்லை. அவளாகவே, வரிசைக்கெல்லாம் கேட்கும்படி விலையைச் சொன்னாள். பக்கத்துக் கடைக்காரர், "ஏன்க்கா, நமக்கு எதுக்கு வம்பு?" என்று பதறினார்.

"எந்தம்பி ஃபேக்டரில இருக்கான். வெலை ஏறிருச்சுன்னு இவ எழுதுனாத்தான் அவனுக்குப் பஞ்சப்படி ஏறும். எழுதலீன்னா ஏறவே இல்லீன்னு ஆயிரும். அப்பறம் நம்மகிட்ட வெங்காயம் வாங்க அவங்கையில காசு ஏது?"

தக்காளிக்காரர் தொண்டையைக் கனைத்து, மறுபடி தக்காளிகளிடம் ஒரு விலையைச் சொன்னார். அந்த மாதம் என் படிவத்தில் ஒரு கட்டமும் காலியாக இல்லை. வேலை நீண்டது, சில வருஷங்களில் நிரந்தரமும் ஆனது. அதன் பிறகு பக்கத்துக் கடைக்காரர் பல நாள் அக்காவுக்குச் சில்லறை மாற்றித் தரவில்லையாம். காப்பிக் கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அக்கா மூச்சு விடவில்லை. எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது, தங்கை நர்ஸ் படிப்பை முடித்தது எல்லாவற்றுக்கும் அவள்தான் காரணம் என்று வீட்டில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அவளிடம் சொன்னபோது, "போ கண்ணு, வெயாபாரத்தக் கெடுக்காத" என்று விரட்டிவிட்டாள்.

இப்போது நான் விலை எடுக்கப் போகிற கடைகளில் பாதி, ஏசி போட்ட பெரிய கடைகள். விலை சாமானிலேயே ஒட்டியிருக்கிறது. யாரையும் கேட்க வேண்டியதில்லை. பார்த்து டேப்லெட்டில் தட்டிவிட்டு வெளியே வரலாம். யாரும் தண்ணீர் தெளிப்பதில்லை, யாரும் நம்ம ஹுடுகி என்பதுமில்லை. அக்கா முட்டிவலி தாங்காமல் கடையைக் கொடுத்துவிட்டு ராமாபுரத்துக்கே போய்விட்டாள். ஆனால் நான் சந்தைக்குப் போகிற நாளில் தவறாமல் போன் வரும். "ஏங்கண்ணு, போணி ஆச்சா? வெங்காயம் இன்னிக்கு என்ன வெலை?"

போன வாரம் நான் சிரித்துக்கொண்டே, "ராமாபுரத்துல கெடைக்காத வெங்காயமாக்கா? வேணும்னா ஒரு மூட்டை பஸ்ல ஏத்தி விடறேன்" என்றேன்.

"வாங்கறதுக்கு இல்ல கண்ணு. வெலை மட்டும் கேக்கறேன்."

டேப்லெட்டைப் பையில் வைத்தேன். காப்பிக் கடை பெஞ்சில் உட்கார்ந்து, வெங்காயத்தில் தொடங்கி ஒன்று விடாமல் எல்லா விலையும் சொன்னேன்.