பெரியும்மாவுக்குப் போன மூன்றாவது பெட்டி

கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் முகத்தில் அடித்தது அந்த வாசம்... பட்டரும் சீனியும் ஒன்றாகக் காய்கிற வாசம். நுவரெலியாக் குளிரில் பல் கிடுகிடுக்க நின்ற எங்களுக்கு அந்த மிட்டாய்க் கடை ஒரு அடுப்படி மாதிரி இருந்தது.

எட்டு வருசத்துக்கு முந்திய கதை. கல்முனையில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு நான் சேர்ந்த புதிது. முதல் சம்பளத்தில் உம்மாவை நுவரெலியாவுக்குக் கூட்டிப் போனேன். கல்முனைக்குடி வெயிலை விட்டு எங்கும் போகாத மனுசி. வாவிக்கரையில் என் ஸ்வெட்டரையும் பிடுங்கிப் போட்டுக்கொண்டு நடந்தார்.

கடைச் சுவர் முழுக்கப் போத்தல் போத்தலாக டொபியும் ஜெலியும். மேசையில் ருசி பார்க்க ஃபட்ஜ் துண்டுகள் வைத்திருந்தார்கள்... பாலையும் சீனியையும் இறுகக் காய்ச்சி வெட்டுகிற இனிப்பு. உம்மா ஒன்றை வாயில் போட்டார். கண்ணை மூடினார். கேட்காமலே இரண்டாவதையும் எடுத்தார்.

"என்ன ருசி புள்ள! பிளம்ஸும் கிடக்கு. இதில மூணு பெட்டி எடு."

பிளம்ஸ் என்று நாங்கள் சொல்வது உலர்ந்த திராட்சையை. பயணம் போய் வந்தால் அக்கம்பக்கத்துக்குப் பண்டம் கொடுக்காமல் எங்கள் ஊரில் இருக்க முடியாது. ஒன்று எங்களுக்கு, ஒன்று பக்கத்து வீட்டு மாமிக்கு. மற்றது யாருக்கு என்று கேட்டேன். உம்மா போத்தல்களைப் பார்த்தபடியே சொன்னார்.

"ராத்தாக்கு."

எனக்கு நம்பவே முடியவில்லை.

ராத்தா என்றால் உம்மாவின் மூத்த சகோதரி, என் பெரியும்மா. ஒரே வளவில் இரண்டு வீடு, நடுவில் ஒரு மதில். கலியாணம் என்றால் வீடு தேடி வந்து வாயால் சொல்ல வேண்டும், அதுதான் எங்கள் பக்கத்து முறை. பெரியும்மா தன் மகளின் கலியாணத்தை உம்மாவுக்கு ஆள் விட்டுச் சொன்னார். கூடப்பிறந்தவளுக்கே ஆள் விட்டா? உம்மா போகவில்லை. அதன்பிறகு நாலு வருசம் ஒரு பேச்சில்லை. மதிலுக்கு அங்கால் பெரியும்மா இருமினால் இங்கே கேட்கும்... உம்மா சோற்றில் கை வைத்தபடி அப்படியே இருப்பார்.

ஊர் வந்த மறுநாள் காலை, மூன்றாவது பெட்டியைத் துடைத்து என் கையில் தந்தார். "நீ கொண்டு குடு. நான் தந்த எண்டு சொல்லு."

பெரியும்மா வாங்கினார். ஒன்றும் கதைக்கவில்லை. ஆனால் திருப்பித் தரவில்லையே! ஓடி வந்து சொன்னேன். அன்று பகல் உம்மா மீன் ஆய்ந்துகொண்டே ஏதோ முணுமுணுத்துப் பாடினார்.

அசர் தொழுகைக்குப் பிறகு பிளேன்டீ ஊற்றிக்கொண்டு எங்கள் பெட்டியோடு உட்கார்ந்தேன். டீ ஆறும்வரை பெட்டியின் பின்பக்கத்தைச் சும்மா வாசித்தேன். பால். சீனி. பட்டர். உலர்ந்த திராட்சை. ரம்.

ரம்!

கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி வாசித்தேன். ரம்தான்.

நாள் முழுக்க லேபல் வாசிக்கிறது என் தொழில். கடைக்காரர்களைக் குறை சொல்ல ஏலாது, கொட்டை எழுத்தில்தான் போட்டிருந்தார்கள். நான் பார்த்தது சிவப்பு ரிபனை மட்டும். என்னை நானே செருப்பால் அடிக்கலாம் போல இருந்தது.

"உம்மா... இதில ரம் போட்டிரிக்கி."

"அது என்ன?"

"சாராயம் உம்மா."

"யா அல்லாஹ்! ரெண்டு துண்டு திண்டனே!"

உம்மா பைப்படிக்கு ஓடினார். கொப்பளிக்கிறார், கொப்பளிக்கிறார்... எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்து வீட்டு மாமியிடம் ஓடினால், அங்கே பெட்டி காலி. மாமி தலையில் கை வைத்தார். "அவ்வளவு ருசியா இருக்கக்குள்ளயே நான் யோசிச்சிரிக்கணும்!"

திரும்பி வந்தபோது உம்மா மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ராத்தா என்ன நினைப்பா? ஹராமான பண்டத்த வேணுமெண்டு குடுத்துவிட்ட எண்டுதான் நினைப்பா. இனி என்ட மௌத்துக்கும் வரமாட்டா."

"அப்ப சொல்லாம விடுவமா?"

"தெரியாமத் திண்டத அல்லாஹ் மன்னிப்பான். தெரிஞ்சும் சொல்லாம இருந்தா?"

"சரி, நான் போய்ச் சொல்லிட்டு வாறன்."

உம்மா முந்தானையை இழுத்துத் தலையை மூடினார். "இதையும் ஆள் விட்டா சொல்ற?"

ரோட்டால் சுற்றிப் போய், நாலு வருசம் மிதிக்காத வாசலில் நின்றார். கதவு திறந்தது. ஸலாம் சொல்லவும் மறந்துவிட்டார்.

"ராத்தா, அதத் திண்டுராதீங்க! அதில சாராயம் கிடக்கு! அல்லாஹ்ட மேல சத்தியமா எனக்குத் தெரியா ராத்தா!"

அவ்வளவுதான், உம்மா தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தார். பெரியும்மா திரும்பி உள்ளே போனார். முடிந்தது கதை என்றே நினைத்தேன்.

பெட்டியோடு திரும்பி வந்தார். சிவப்பு ரிபன்கூட அவிழ்க்கப்படவில்லை!

"ஆள் விட்டுக் குடுத்தத நான் ஏன் திங்கணும்?" என்றார் பெரியும்மா. குரல் உடைந்திருந்தது. "நீ நேர கொண்டு வந்திருந்தா, அந்த இடத்திலயே திண்டிருப்பன்டி."

உம்மா வாயைப் பிளந்தபடி நின்றார். பிறகு இருவரில் யார் முதலில் சிரித்தது என்று இன்றுவரை சண்டை.

மதிலில் இப்போது ஒரு கேட் இருக்கிறது. கலியாணங்களுக்கு வட்ஸ்அப்பில் கார்ட் வருகிறது, லைக் போட்டுவிட்டு இருக்கிறோம். நேரில் வரவில்லையே என்று கோபிக்க யாரும் யாரையும் எதிர்பார்ப்பதுமில்லை போல...

போன மாதம் கணவரோடு அதே கடைக்குப் போனேன். அதே வாசம். ஒவ்வொரு பெட்டியையும் திருப்பித் திருப்பி வாசித்ததில் அவருக்குப் பொறுமையே போய்விட்டது. பாலும் சீனியும் மட்டும் போட்டதாகப் பார்த்து மூன்று எடுத்தேன்.

பெரியும்மா இப்போது படுக்கையில். உம்மாவுக்கு முழங்கால் ஏலாது.

"நான் கொண்டு குடுத்திட்டு வாறன் உம்மா."

"சும்மா இரி புள்ள."

பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மதிலைப் பிடித்துப் பிடித்து, உம்மா கேட்டைத் திறந்து போனார்.