என் பயங்களின் சுருக்கம்

அந்தப் பரீட்சை அட்டை இன்னும் எங்கள் கிளினிக்கில், ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவிலிருக்கும் சந்தில்தான் செருகியிருக்கிறது. பழுப்பு நிற அட்டை, மேலே துருவேறிய கிளிப், நடுவில் குடத்தின் வாய் அளவுக்கு ஒரு வட்டக் கறை. ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டுப் பரீட்சைக்கென்று எனக்கு வாங்கியது. பரீட்சை வருவதற்குள் அம்மா படுத்துவிட்டதால் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன்; அட்டை தண்ணீர்க் குடத்துக்கு மூடியாகிவிட்டது. கல்யாணமாகி மந்தைவெளிக்கு வந்தபோதும் மூடியாகவேதான் கூட வந்தது. கிளினிக்கில் சிஸ்டர் வைத்து எழுத ஒன்றும் இல்லாமல் எக்ஸ்ரே கவரை மடியில் வைத்துக்கொண்டு திண்டாடுவதைப் பார்த்த மறுநாள், அதைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

ஆழ்வார்பேட்டையில் ஓர் எலும்பு டாக்டரின் கிளினிக்கில் பெருக்கித் துடைக்கும் வேலை எனக்கு. அங்கே நர்ஸாக இருந்தவளைத்தான் சிஸ்டர் என்கிறேன். என்னைவிட ரொம்பச் சின்னவள். அசோக் நகரிலிருந்து வருவாள். டாக்டர் காலையிலும் சாயங்காலமும்தான் இருப்பார். மதியம் முழுக்க நாங்கள் இரண்டு பேர் மட்டும். அந்த நேரத்தில் அவள் வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்கான இங்கிலீஷ் பரீட்சைக்குப் படித்தாள். நீளமான பத்தியை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி எழுத வேண்டும். தப்பான வாக்கியங்களைத் திருத்த வேண்டும். புள்ளியும் கமாவும் இல்லாமல் கொட்டிக் கிடக்கும் வரிகளில் அவற்றை எடுத்து அதனதன் இடத்தில் வைக்க வேண்டும். திருத்துவதற்காகவே தப்புத் தப்பாக அச்சடித்த ஒரு புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கியிருந்தாள். எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. எங்கள் வீட்டில் என்னிடம் தப்பு கண்டுபிடிக்க யாருக்கும் புத்தகம் தேவைப்பட்டதில்லை.

திருத்துவதற்குப் புத்தகம் போதும். சுருக்குவதற்குத்தான் சரக்கு தீர்ந்துபோனது. இருந்த பத்திகளை எல்லாம் சுருக்கி முடித்துவிட்டாள். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். காஸை மூடினேனா இல்லையா என்று பாதி வழியில் சந்தேகம் வந்து, பஸ்ஸிலிருந்து இறங்கித் திரும்ப ஓடிய கதை. நான் பயந்த சுபாவம். என் பயங்களுக்கு நீளம் அதிகம். நடுவில் கிளைக் கதைகளும் உண்டு. நான் வாயைத் திறந்தால் வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் கூட்டுவார். சிஸ்டரோ கையைக் கழுவிவிட்டு வந்து பேனாவை எடுத்தாள்.

"அக்கா, முதல்லேர்ந்து சொல்லு. எதையும் விடாத."

கடைசி வரை கேட்டாள். பிறகு இங்கிலீஷில் எழுதி, அதைத் தமிழில் எனக்குச் சொன்னாள்: "ஒரு பெண் காஸை மூடவில்லையோ என்று பயந்து வீட்டுக்குத் திரும்பினாள். மூடியிருந்தது."

"இன்னாது, அவ்ளோதானா? கண்டக்டர் கேட்டாரே, அது?"

"அது உதாரணம்க்கா. உதாரணமெல்லாம் போயிடும்."

"கீழ் வீட்டம்மா சிரிச்சிது?"

"அதுவும் போயிடும்."

"நான் பட்ட அவஸ்தை?"

"அதான் 'பயந்து'ன்னு ஒரே வார்த்தையில வந்துடுச்சே!"

முதலில் கோபம் வந்தது. ஆனால் அன்று சாயங்காலம் பஸ்ஸில் போகும்போது அந்த இரண்டு வரியை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். மூடியிருந்தது. எவ்வளவு பெரிய பயம், முடிவில் ஒரே சொல். அதற்குப் பிறகு தினமும் மதியம் நான் பயப்படுவேன், அவள் வெட்டுவாள். "இன்னிக்கு இன்னா பயம்க்கா?" என்று அவளே டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே கேட்பாள். பையனுக்கு இருமல், மாடிப்படியில் கைப்பிடி ஆடுகிறது, ரேஷன் கார்டில் பேர் சரியாக இருக்குமா. பாத்திரம் தேய்க்கும்போதே மறுநாளைக்கான பயத்தைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்வேன். பயப்படுவது எனக்குச் சந்தோஷமாக இருந்த காலம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

அப்புறம்தான் பிசியோ வந்தாள். முட்டிவலிக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்க டாக்டர் புதிதாக வைத்த பெண். அடையாறு வீடு, இங்கிலீஷ் பள்ளிக்கூடம், ஸ்கூட்டரில் வந்து இறங்குவாள். வந்த வாரத்திலேயே சிஸ்டரின் அட்டையை எட்டிப் பார்த்து, "இங்க கமா வரும்" என்று விரலை வைத்தாள். என் அட்டை மேல். கெட்ட பெண் என்றால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். அவளோ என்னையும் அக்கா என்றுதான் கூப்பிட்டாள். ஸ்டூல் மேல் ஏறி நான் மின்விசிறி துடைத்தால் ஓடி வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொள்வாள். குறை சொல்ல இடம் கொடுக்காத ஒருத்தியிடம் பொறாமைப்படுவது ரொம்பக் கஷ்டமான வேலை. குறையையும் நாமேதான் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவள் சத்தமாகச் சிரிப்பாள் என்று கண்டுபிடித்தேன்.

எங்கள் தெருப் பக்கம் பூமிக்கடியில் மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிக்கொண்டிருந்த சமயம் அது. தரையில் காலை வைத்தால் மெல்ல அதிர்வதுபோல இருக்கும். ஹாலில் முன்பே இருந்த ஒரு விரிசல் நீள்வதாக எனக்குத் தோன்றியது. பையனின் கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்திப் போட்டேன். பிறகு மேலே மின்விசிறி வருகிறதே என்று திரும்பவும் நகர்த்தினேன். இதைச் சொல்லும்போது சிஸ்டர் முன்னால் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு எழுதினாள்.

மறுநாள் நான் உள்ளே ஒத்தடம் கொடுக்கும் ஹாட் பேக் உறைகளை அலசிக்கொண்டிருந்தேன். வெளியே இரண்டு பேரும் இங்கிலீஷில் படிப்பது கேட்டது. எனக்குப் புரிந்தது 'மெட்ரோ' ஒன்றுதான். உடனே சிரிப்பு. ஈரக் கையோடு வெளியே வந்தேன்.

"இன்னா சிரிச்சிக்கினு கீறீங்க?"

"ஒண்ணுமில்லக்கா, ஒரு கமாவ விட்டுட்டேன். மேடம் பிடிச்சிட்டாங்க" என்றாள் சிஸ்டர்.

"உங்க கதை சூப்பர்க்கா" என்றாள் பிசியோ.

உண்மையாகவே கமாவுக்குத்தான் சிரித்திருப்பார்கள். அது எனக்கு இன்னும் மோசமாகப் பட்டது. என் வீடு இடிந்து விழுந்துவிடுமோ என்று நான் அழுத இடத்தில் இவர்கள் கமாவைத் தேடிக்கொண்டிருந்தார்கள். தவிர, என் பயம் இங்கிலீஷில் எப்படி இருக்கும் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அவர்கள் இரண்டு பேரும் என் வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டது போலவும், நான் வாசலில் நிற்பது போலவும் இருந்தது.

அன்றிலிருந்து சிஸ்டர் கேட்டால், "இன்னிக்கு ஒரு பயமும் கெடயாது" என்று சொன்னேன்.

"உனக்கா?" என்று என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "ஜுரம் கிரம் அடிக்குதா?"

பிசியோ அவளுக்குப் புதிதாக ஒரு புத்தகம் கொண்டுவந்து கொடுத்தாள். மழைநீர் சேமிப்பு, காடு வளர்ப்பு, நேரம் தவறாமை. அவற்றையெல்லாம் சிஸ்டர் கொட்டாவி விட்டுக்கொண்டே சுருக்கினாள். அந்தக் கொட்டாவிகளைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் சொல்லாத பயங்கள் உள்ளே குவிந்தன. மூன்றில் ஒரு பங்காக்க ஆளில்லாமல் ஒவ்வொன்றும் முழு நீளத்துக்கு வளர்ந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு புதிய பயம் இருந்தது. அதை நான் எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

பரீட்சைக்கு முந்தின நாள் பிசியோவுக்கு லீவு. மதியம் சாப்பிட்டு முடித்ததும் சிஸ்டர் அட்டையைத் தூக்கிக்கொண்டு என் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"கடைசியா ஒண்ணே ஒண்ணு குடுக்கா. காடு வளர்த்து வளர்த்து செத்துட்டேன்."

எப்படி வாயில் வந்ததென்று தெரியவில்லை. "நீ பாஸ் பண்ணிடுவியோன்னு பயமா கீது சிஸ்டர்" என்றேன். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. நீ போய்விட்டால் புதிதாக வருபவள் போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள் என்றேன். அங்கே போய் நீ குளிரில் கஷ்டப்படுவாய் என்றேன். பிசியோவுக்குப் போன் செய்வாய், எனக்குச் செய்ய மாட்டாய் என்றேன். நீ பாஸ் பண்ண வேண்டும் என்று வடபழனியில் வேண்டிக்கொண்டதையும் சொன்னேன். அதுவும் பொய்யில்லை.

அவள் தலையைத் தூக்காமல் எழுதினாள். வழக்கம்போலத் தமிழில் சொன்னாள்.

"ஒரு பெண் தன் தோழி ஜெயிக்கக் கூடாது என்று நினைக்கிறாள்."

"ஐயோ, நான் அப்படிச் சொல்லவே இல்ல! வேண்டிக்கினேன்னு சொன்னேனே!"

"அது உதாரணம்க்கா."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். முதலில் அவள்தான் சிரித்தாள். பிறகு என் தோளில் சாய்ந்துகொண்டாள். கிளம்பும்போது, "அட்டைய எடுத்துக்கினு போ, ராசியா இருக்கும்" என்றேன். அங்கே எல்லாம் கம்ப்யூட்டரில்தான், ஒரு துண்டுப் பேப்பர்கூட உள்ளே விடமாட்டார்கள் என்று சொல்லி, ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் செருகினாள். ஆக, அந்த அட்டை இரண்டாவது முறையும் பரீட்சைக்குப் போகவில்லை.

அவள் பாஸ் செய்தாள். போனாள். மெட்ரோவுக்கான தோண்டலும் எங்கள் தெருவைத் தாண்டிப் போய்விட்டது. வீடு நிற்கிறது. இப்போதிருக்கும் சிஸ்டர் நான் சொன்னபடியே போனைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிடுகிறாள். எனக்கு அவள் மேல் மனவருத்தம் ஏதும் இல்லை.

போன வாரம் மதியம் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. பழைய சிஸ்டர்தான். அங்கே மழை விடவே இல்லையாம். ஹீட்டரை அணைத்தோமா என்று சந்தேகம் வந்து டியூட்டிக்குப் பாதி வழியில் திரும்பினாளாம். யாரோ வழி கேட்டார்களாம். சாவி எங்கோ விழுந்ததாம். போய்க்கொண்டே இருந்தது. கேட்கக் கேட்க எனக்குப் பூரிப்பு தாங்கவில்லை. கடைசியில் சொன்னாள்: "இங்க என்கூட வேலை பாக்கற ஒரு அக்கா கீறாங்க. அப்படியே உன்ன மாதிரி. சாப்பாட்டு நேரத்துல உக்காந்து பயப்படுவாங்க, நான் கேட்டுக்கினு இருப்பேன்."

எழுந்து போய் அட்டையை இழுத்து எடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு, கறையின் மேல் விரலை வட்டமாக ஓட்டிக்கொண்டே, என்ன பதில் சொல்வது என்று யோசித்தேன். நீளமாகப் பேசி அழித்தேன். மறுபடி பேசினேன், அதையும் அழித்தேன். கடைசியில் ஒரே ஒரு கேள்வி மிஞ்சியது, அதை அனுப்பினேன்.

"அவங்க பயம் நல்லாருக்கா, என் பயம் நல்லாருந்துச்சா?"

உடனே எழுத்திலேயே பதில் வந்துவிட்டது: "உன்னுதுதான்க்கா. உன் பயத்தை வெட்டித்தானே பாஸ் பண்ணேன்."

எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. அட்டையைத் துடைத்துப் பழைய இடத்தில் செருகிவிட்டு, சாயங்கால நோயாளிகளுக்காக நாற்காலிகளை வரிசையாகப் போட்டேன். கடைசி நாற்காலியைப் போடும்போதுதான் மனதில் அது தட்டியது. அந்த அக்காவிடமும் 'உன்னுதுதான்க்கா' என்றுதான் சொல்லியிருப்பாளோ?