இடுப்புக்குக் கீழே தங்கம்

என் மனைவியின் வலது முழங்காலில் முதல் செயற்கை மூட்டை வைத்தது ஆவணி மாதம், வளர்பிறை வியாழன். நாள் பார்த்துச் சொன்னது அவள்தான். கார்த்திகை பிறந்த வாரம், தில்லியில் புகைமூட்டம் இறங்கிய அதே வாரம், மூட்டைச் சுற்றிச் சீழ் வைத்துவிட்டது. உலோகத்தின் மேல் கிருமிகள் படிந்து, தம்மைச் சுற்றிப் பிசுபிசுப்பாக ஒரு போர்வையை விரித்துக்கொள்ளும், பிறகு மருந்து உள்ளே போகாது என்று டாக்டர் விளக்கினார். மூட்டைக் கழற்றிவிட்டு, அடுத்த மூட்டு வைக்கும்வரை அந்த இடத்தில் மருந்து கலந்த சிமெண்டுக் கட்டி ஒன்றை வைத்து அனுப்பினார். தில்லியில் சொந்தமாக வீடு கட்டாத எங்கள் குறை அப்படித் தீர்ந்தது.

மார்கழிக் குளிரில், கோல் மார்க்கெட் பக்கம் இருந்த எங்கள் வாடகை வீட்டில், வாக்கரைப் பிடித்துக்கொண்டு குளியலறைவரை போய்வருவதே அவளுக்குப் பயணமாக இருந்தது. அடுத்த மூட்டிலும் கிருமி ஏறினால் கால் மிஞ்சுவது சந்தேகம். அதையும் டாக்டர் மறைக்கவில்லை.

தை மாதம் ரத்தப் பரிசோதனை சுத்தமாக வந்தது. இந்த முறை பூச்சுள்ள மூட்டு போடலாம் என்று மேசையில் இரண்டு மாதிரிகளை வைத்தார். ஒன்று நகைக்கடையிலிருந்து எடுத்து வந்ததுபோல் தகதகவென்று மஞ்சள். டைட்டானியம் நைட்ரைடு பூச்சு. தேய்மானம் குறைவு, கிருமி ஒட்டுவதும் குறைவு என்கிறார்கள், கையிருப்பில் இருக்கிறது. மற்றதில், எலும்புக்குள் இறங்கும் தண்டின் மேல் மங்கலாக வெள்ளிப் பூச்சு. வெள்ளி கிருமியைக் கொல்லும். ஆனால் வரவழைக்க நாளாகும்.

நான் உட்கார்ந்து கட்டுரைகளாகப் படித்தேன். இன்னும் ஆராய வேண்டும் என்றே எல்லாம் முடிந்தன. காத்திருக்க வேண்டாமே என்று மஞ்சளைத் தேர்ந்தெடுத்தேன். அவள் எதையும் படிக்காமலே முடிவு செய்திருந்தாள்.

"இடுப்புக்குக் கீழ தங்கம் போடக் கூடாதுங்க. மகாலட்சுமி."

"அது தங்கம் இல்ல. நிறம் மட்டும்தான்."

"மஞ்சக் கயிறும் நிறம்தான். அதுக்காகக் கால்ல கட்டுவீங்களா?"

இதை டாக்டரிடம் கூச்சத்தோடு ஆங்கிலத்தில் சொன்னேன். பஞ்சாபிக்காரர், வெளிநாட்டில் படித்தவர், சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேனாவை மூடிவைத்தார்.

"அச்சா, ஆப்கே யஹா(ன்) பீ?"

உங்கள் பக்கத்திலும் உண்டா என்று கேட்டவர், தன் அம்மாவும் இதே காரணத்தைச் சொல்லிச் சாதா மூட்டுதான் வைத்துக்கொண்டார் என்றார்.

மாசியில் வெள்ளி வந்தது. மெட்டிக்கு ஆகும் உலோகம் மூட்டுக்கும் ஆகும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அறுவை சிகிச்சைக்குப் போகுமுன் மெட்டியைக் கழற்றி என்னிடம் கொடுத்தபோது, "உள்ள வேற வெள்ளி போகுதே, பரவாயில்ல" என்றாள்.

புண் ஆறியது. சீழ் திரும்பவில்லை. வைகாசியில் பரிசோதனைக்குப் போனபோது, வெள்ளிதான் காப்பாற்றியதா என்று டாக்டரைக் கேட்டேன். கழுவிச் சுத்தம் செய்தது, மருந்து, பூச்சு, இதில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார். அந்த நேர்மை எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.

சுவரில் எக்ஸ்ரே படம் மாட்டியிருந்தது. எலும்புக்கு நடுவே மூட்டு பளிச்சென்று வெண்மையாகத் தெரிந்தது.

"பாத்தீங்களா, வெள்ளிதான்."

எந்த உலோகமும் எக்ஸ்ரேயில் அப்படித்தான் தெரியும், அந்த மஞ்சள் மூட்டும்கூட, என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் நாற்காலியிலிருந்து எழுந்து, கைத்தடியை எடுக்காமலே, படத்தைக் கிட்டத்தில் பார்க்க நடந்துகொண்டிருந்தாள்.